வீசுபவனும் வீழ்பவனும்

கம்பம் பள்ளத்தாக்கில் முதற்போக அறுவடை முடிந்து, வைக்கோற்படப்புகள் எழும் நாட்கள். சின்னமனூரிலிருந்து உத்தமபாளையம் செல்லும் வழியில், ஒரு களத்தோரம் நாம் கண்ட காட்சி இது. பத்து வயதுச் சிறுவன் ஒருவன் தன்னினும் இளையவனைத் தலைகீழாகத் தூக்கி, அவன் தலையைத் தொடைகளுக்கிடையே இடுக்கியபடி, பொத்தென்று தரையில் அமர முனைந்தான். நாம் கூவியதும் விட்டுவிட்டான். அருகிலிருந்த பெரியவரோ, "டி.வி.யில பார்க்கிறதுதானுங்க, எல்லாம் பொய்ச் சண்டை, ஒண்ணும் ஆகாது" என்று சிரித்தார்.

அச்சிரிப்பே நம்மை எழுதத் தூண்டியது.

தாரா சிங்கும் கிங்காங்கும் மோதிய காலந்தொட்டே, இது மெய்யா பொய்யா என்று நம் திண்ணைகளில் வாதிட்டு வருகிறோம். தொழில்முறை மல்யுத்தத்தில் வெல்பவர் யாரென்பது முன்னரே முடிவாகிறது என்பது உண்மையே. ஆனால் முடிவுதான் பொய், வீழ்ச்சி பொய்யன்று. மேடை என்பது இரும்புச் சட்டத்தின்மேல் பலகையும், மெல்லிய நுரை மெத்தையும், கான்வாஸ் துணியுமே. அங்கே மாணவன் முதலில் கற்பது வீசுவதை அன்று, விழுவதை. மோவாயை மார்போடு ஒட்டி, பின்மண்டை மோதாமல், மேல்முதுகு முழுதும் ஒருசேரப் படியுமாறு விழவேண்டும். தூக்கப்படுபவனும் தானே எம்பி உதவுகிறான். கையை மெல்ல அழுத்தி, 'நலமே' என ஒருவருக்கொருவர் உணர்த்துகின்றனர். மெய்யாகவே அடிபட்டால், நடுவர் இரு கைகளையும் தலைக்குமேல் குறுக்காக உயர்த்திக் காட்டுவார்.

அச்சிறுவன் முயன்ற பிடிக்குப் 'பைல்டிரைவர்' என்று பெயர். அதில் அமர்பவனின் உடலே முதலில் தரையில் படவேண்டும். மற்றவன் தலை அதற்கு மேலே நிற்கவேண்டும். 1997 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஓவன் ஹார்ட் இப்பிடியைப் போட்டபோது, ஸ்டீவ் ஆஸ்டினின் தலை சற்றே கீழிறங்கிவிட்டது. கழுத்தில் அடிபட்ட ஆஸ்டின் சிறிது நேரம் கைகால் அசைக்கவியலாமற் கிடந்தார். இருவரும் கைதேர்ந்தவர்கள் என்பதை மறவற்க. 1999 அக்டோபரில் டேரன் டிரோஸ்டோவ் என்பார் வேறொரு வீச்சில் கழுத்தெலும்பு முறிந்து, 2023இல் இறக்கும்வரை நடக்கவேயில்லை. 2001இல் கலிபோர்னியப் பயிற்சிப் பள்ளியொன்றில், பின்னாளில் 'கிரேட் காளி' எனப் புகழ்பெற்ற நம் நாட்டு தலீப் சிங் ராணாவுடன் பயின்ற பிரையன் ஓங், அவருடன் செய்த பயிற்சியில் தலையில் அடிபட்டு மாண்டார். 2005இல் நீதிமன்றம் பள்ளியையே பொறுப்பாக்கி, பத்து இலட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு விதித்தது.

ஆகவே பெற்றோரே, "அது பொய்" என்று பிள்ளைகளிடம் சொல்லி நிறுத்தாதீர்கள். பொய்யென்றால் செய்து பார்க்கலாம் என்றுதானே அவர்கள் எண்ணுவார்கள்? கைப்பேசியில் அக்காட்சியை மெதுவாக ஓட்டி, தூக்கப்படுபவன் எம்புவதையும், தலை எங்கே நிற்கிறது என்பதையும் காட்டுங்கள். எவரேனும் கழுத்தில் அடிபட்டு விழுந்தால், பதறி அள்ளியெடுத்து உட்காரவைக்கவேண்டாம். தலையையும் கழுத்தையும் அசையாமல் வைத்து 108ஐ அழையுங்கள்.

அன்று அச்சிறுவனை மீண்டும் அமரச்சொல்லி, தம்பியின் தலை எங்கே இருந்திருக்கும் என்று கேட்டோம். கையால் அளந்து பார்த்தான். அமரும் இடத்துக்கும் ஒரு சாண் கீழே! அவன் வாய் அடைத்துப்போயிற்று. இளையவன்தான் முணுமுணுத்தான்: "என்னைக் கேக்காமத்தான் தூக்கினான்."