ஷெங்கன் விசா: ஒரு நாட்டின் முடிவு, 29 நாடுகளின் வாசல்

ஐரோப்பாவுக்குச் சுற்றுலாவாகவோ உறவினரைக் காணவோ செல்லும் இந்தியரும் இலங்கையரும் பெறவேண்டிய ஷெங்கன் விசா, பல நாடுகளுக்கு ஒரே அனுமதியாக அமைந்திருப்பதாலேயே விதிகள் மிகுந்ததாக இருக்கிறது. வங்கிக் கணக்கு விவரம், மருத்துவக் காப்பீடு, விடுமுறைக் கடிதம், தங்குமிடச் சான்று என நீளும் ஆவணப் பட்டியலைக் காணும் விண்ணப்பதாரருக்கு அவை தொடர்பற்ற கெடுபிடிகளாகத் தோன்றக்கூடும். ஆனால் அவற்றுக்கெல்லாம் வேர் ஒன்றே. தமக்கிடையே நிலவிய எல்லைச் சோதனையைக் கைவிட்ட நாடுகள், அந்தச் சோதனையின் சுமை முழுவதையும் வெளி எல்லைக்கு நகர்த்தின. ஆகவே விசா வழங்கும் நாடு எதுவானாலும், அது ஏனைய 28 நாடுகளுக்கும் சேர்த்தே முடிவெடுக்கிறது.

லக்சம்பர்க், பிரான்ஸ், ஜெர்மனி ஆகிய மூன்று நாடுகளும் சந்திக்கும் இடத்தில், மோசெல் ஆற்றங்கரையில் உள்ள சிற்றூர் ஷெங்கன். பிரான்ஸ், அன்றைய மேற்கு ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய ஐந்து நாடுகள், பொது எல்லைகளில் சோதனையைப் படிப்படியாக நீக்குவதற்கான உடன்பாட்டில் 1985 ஜூன் 14 அன்று அவ்வூரருகே ஆற்றில் நின்ற கப்பலொன்றில் கையெழுத்திட்டன. சோதனையை நீக்குவதற்கு முன் விசா, காவல் துறை ஒத்துழைப்பு, தகவல் பரிமாற்றம் ஆகியவற்றில் பொதுவிதிகள் தேவைப்பட்டதால், 1990இல் விரிவான ஒப்பந்தம் ஒன்று உருவாகி, 1995 மார்ச் 26 அன்று ஏழு நாடுகளில் நடைமுறைக்கு வந்தது. 1999இல் இந்த ஏற்பாடு ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டது.

பல்கேரியாவும் ருமேனியாவும் 2025 ஜனவரி 1 அன்று முழுமையாக இணைந்ததையடுத்து, ஷெங்கன் பகுதியின் நாடுகள் 29 ஆயின. இவற்றுள் 25 நாடுகள் ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேர்ந்தவை. ஐஸ்லாந்து, நார்வே, சுவிட்சர்லாந்து, லிக்டென்ஸ்டைன் ஆகிய நான்கும் ஒன்றியத்துக்கு வெளியே இருந்துகொண்டு இதில் பங்கேற்பவை. மாறாக, அயர்லாந்து ஒன்றியத்தின் உறுப்பு நாடாக இருந்தும் ஷெங்கன் பகுதியில் சேரவில்லை. பிரிட்டனுக்கும் இந்த விசா செல்லாது என்பதால், லண்டனையும் பாரிஸையும் ஒரே பயணத்தில் காண விரும்புபவர் இரண்டு விசாக்களைத் தனித்தனியே பெறவேண்டும். பாரிஸிலிருந்து லண்டன் சென்று மீண்டும் ஐரோப்பியக் கண்டத்துக்குத் திரும்புவதாயின், பலமுறை நுழைய அனுமதிக்கும் ஷெங்கன் விசா தேவைப்படும். தமிழ் மரபினர் பலர் வாழும் ரெயூனியன் தீவு பிரான்ஸின் பகுதியே எனினும் ஷெங்கன் பகுதிக்குள் அடங்காதது. ஆகையால் ஷெங்கன் விசாவை மட்டும் நம்பி அங்கே செல்ல இயலாது.

யாருக்கு விசா வேண்டும் என்பதைப் பயணியின் மொழியோ பிறந்த ஊரோ அல்ல, அவர் ஏந்தும் கடவுச்சீட்டே தீர்மானிக்கிறது. மலேசிய, சிங்கப்பூர்க் குடிமக்கள் குறுகிய காலப் பயணத்துக்கு விசா இன்றியே செல்லலாம். இந்திய, இலங்கைக் குடிமக்கள் விசா பெற்றே ஆகவேண்டும். இலங்கையருக்குக் கூடுதலாக மற்றொரு கட்டுப்பாடும் உண்டு. ஐரோப்பிய விமான நிலையத்தில் இறங்கி, நாட்டுக்குள் நுழையாமல் வேறு விமானம் ஏறுவதற்கும் விசா கட்டாயம் என்று ஷெங்கன் நாடுகள் பொதுவாக வகுத்துள்ள சிறு பட்டியலில் இலங்கை இடம்பெற்றுள்ளது. அமெரிக்கா, கனடா, ஜப்பான் போன்ற நாடுகளின் செல்லுபடியாகும் விசாவை வைத்திருப்போருக்கு இதில் விலக்கு உண்டு.

விசாக்கள் மூன்று வகைப்படும். மேலே குறிப்பிட்ட விமான நிலைய இடைமாற்ற விசா ‘ஏ’ வகை. சுற்றுலா, உறவினர் சந்திப்பு, வணிகப் பேச்சு, குறுகிய காலப் பயிற்சி ஆகியவற்றுக்கானது ‘சி’ வகை. படிப்பு, வேலை, குடும்பத்துடன் இணைதல் ஆகியவற்றுக்காக 90 நாட்களுக்கு மேல் தங்குவோருக்கு அந்தந்த நாடு தன் சொந்தச் சட்டப்படி வழங்குவது ‘டி’ வகை. பேச்சு வழக்கில் ஷெங்கன் விசா எனப்படுவது ‘சி’ வகையே.

எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது?

விசா எளிதில் கிடைக்கும் என்று கருதப்படும் நாட்டிடம் விண்ணப்பித்து வேறு நாட்டுக்குச் செல்வதைத் தடுக்கவே, விண்ணப்பிக்கவேண்டிய நாட்டை விதிகள் வரையறுத்துள்ளன. பயணத்தின் முதன்மை நோக்கம் நிறைவேறும் நாடு, அல்லது மிகுதியான நாட்கள் தங்கும் நாடு எதுவோ, அதனிடமே விண்ணப்பிக்கவேண்டும். பிரான்ஸில் ஆறு நாட்கள், சுவிட்சர்லாந்தில் மூன்று, இத்தாலியில் இரண்டு எனத் திட்டமிடுபவர், முதலில் ரோமில் இறங்கினாலும் பிரான்ஸிடமே விண்ணப்பிப்பார்; நாட்கள் சமமாக இருந்து முதன்மை நாடு எதுவெனப் பிரித்தறிய முடியாதபோதுதான் முதலில் நுழையும் நாடு பொறுப்பேற்கும்.

விண்ணப்பத்தைப் பயணத் தேதிக்கு ஆறு மாதத்துக்கு முன்பிருந்து அளிக்கலாம்; பொதுவாக 15 நாட்களுக்குக் குறையாத அவகாசம் இருக்கவேண்டும். கடவுச்சீட்டு கடந்த பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், ஷெங்கன் பகுதியை விட்டு வெளியேறும் நாளுக்குப் பின் மேலும் மூன்று மாதங்கள் செல்லுபடியாவதாகவும், குறைந்தது இரண்டு வெற்றுப் பக்கங்கள் கொண்டதாகவும் இருத்தல் வேண்டும். கட்டணம் 2024 ஜூன் 11 முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ, ஆறு வயது நிறைந்து பன்னிரண்டு நிறையாத குழந்தைகளுக்கு 45 யூரோ. ஆறு வயதுக்குட்பட்டோருக்குக் கட்டணம் இல்லை. பெரும்பாலான நாடுகள் விண்ணப்பங்களைப் பெறும் பணியைத் தனியார் மையங்களிடம் ஒப்படைத்துள்ளதால், மையத்தின் சேவைக் கட்டணமும் இதனுடன் சேரும். ஆவணங்களைச் சரிபார்த்து வாங்குவதும் கைரேகை பதிவதும் மட்டுமே மையத்தின் வேலை. விசா தருவதா மறுப்பதா என்னும் முடிவைத் தூதரகமே எடுக்கிறது. ஆதலால் விசா உறுதி என வாக்களித்துப் பணம் கேட்கும் இடைத்தரகரின் பேச்சுக்குச் சட்டத்தில் எந்த அடிப்படையும் இல்லை.

பன்னிரண்டு வயது நிறைந்தவர்களின் பத்து விரல் ரேகைகளும் முகப்படமும் எல்லா ஷெங்கன் நாடுகளுக்கும் பொதுவான விசாத் தகவல் அமைப்பில் சேமிக்கப்படுகின்றன. ஒருமுறை பதிந்த ரேகையை 59 மாதங்கள் வரை மீண்டும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பதால், அக்காலத்துக்குள் மறுபடி விண்ணப்பிப்பவர் பொதுவாக மீண்டும் ரேகை பதியவேண்டியதில்லை.

ஆவணங்கள் எதை மெய்ப்பிக்கின்றன?

விசா அலுவலர் ஆவணங்களின் எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை. சில கேள்விகளுக்கு அவற்றில் விடை தேடுகிறார். பயணத்தின் நோக்கம் உண்மையானதா என்பதற்குப் பயணத் திட்டமும் தங்குமிட முன்பதிவும் விடையாகின்றன. செலவுக்கு வழி உண்டா என்பதற்கு வங்கிக் கணக்கு விவரமும் வருமான வரித் தாக்கலும் சான்றாகின்றன. ஒரு நாளைக்கு எவ்வளவு தொகை போதுமானது என்பதை ஒவ்வொரு நாடும் தனித்தனியே நிர்ணயிக்கிறது. விண்ணப்பிப்பதற்குச் சில நாட்களுக்கு முன் திடீரெனக் கணக்கில் சேர்ந்த பெருந்தொகையைக் காட்டிலும், மாதந்தோறும் சீராக வரும் ஊதியமும் அதற்கேற்ற செலவும் நம்பகமானவையாகக் கருதப்படுவது இதனால்தான். நோயோ விபத்தோ நேர்ந்தால் செலவு அந்நாட்டின் தலையில் விழாதிருக்கவே, குறைந்தது 30,000 யூரோ வரை ஈடுசெய்யும் பயண மருத்துவக் காப்பீடு கேட்கப்படுகிறது. அவசர சிகிச்சை, நோயாளியைத் தாய்நாட்டுக்குத் திருப்பி அனுப்புதல், இறப்பு ஆகியவற்றை உள்ளடக்கி, ஷெங்கன் பகுதி முழுவதற்கும் பயண நாட்கள் அனைத்துக்கும் அது பொருந்தவேண்டும்.

இவற்றுள் விடையளிக்கக் கடினமானது, விசா முடியுமுன் திரும்பிவிடுவாரா என்னும் கேள்வியே. நிலையான வேலை, நடந்துவரும் தொழில், பள்ளியில் பயிலும் குழந்தைகள், சொத்து, முந்தைய பயணங்களிலிருந்து உரிய காலத்தில் திரும்பிய பதிவு ஆகியவை இதற்குச் சான்றாகின்றன. வேலையில் இருப்பவரிடம் நிறுவனத்தின் விடுமுறைக் கடிதம் கேட்கப்படுவதும் இதற்காகவே. ஐரோப்பாவில் குடியேறிய பிள்ளைகளைக் காண யாழ்ப்பாணத்திலிருந்தோ தமிழகத்திலிருந்தோ செல்லும் முதிய பெற்றோருக்குச் சொந்த வருமானம் இல்லாதபோது, அழைப்பவரின் பொறுப்பேற்பு இன்றியமையாததாகிறது. ஜெர்மனியில் வாழ்பவர் அங்குள்ள அலுவலகத்தில் முறைப்படி கையெழுத்திட்டு, விருந்தினரின் செலவைத் தாம் ஏற்பதாகச் சட்டபூர்வமாக உறுதியளிக்கவேண்டும். பிரான்ஸில் உறவினரைத் தம் வீட்டில் தங்கவைப்பவர் தம் ஊரின் நகர மன்றத்தில் அதற்கான சான்றைப் பெற்று அனுப்பவேண்டும்.

விண்ணப்பத்தின் மீது 15 நாட்களுக்குள் முடிவெடுக்கப்படவேண்டும். கூடுதல் ஆய்வு தேவைப்படும்போது இது 45 நாட்கள் வரை நீளலாம். மறுக்கப்பட்டால் கட்டணம் திரும்பக் கிடைக்காது. எனினும் காரணம் குறிக்கப்பட்ட படிவம் தரப்படுவதோடு, முடிவெடுத்த நாட்டின் சட்டப்படி மேல்முறையீடு செய்யும் உரிமையும் உண்டு. மறுப்பு பொதுத் தகவல் அமைப்பில் பதிவாகும் என்றபோதிலும், அதை மட்டுமே காரணமாகக் கொண்டு அடுத்த விண்ணப்பத்தைத் தள்ளிவிடக் கூடாது என்று விதி கூறுகிறது. ஆகவே குறை எதுவெனப் படிவத்தில் கண்டு, அதைச் சரிசெய்து மீண்டும் விண்ணப்பிப்பது பயனுள்ளது.

நாட்களின் கணக்கு

கடவுச்சீட்டில் ஒட்டப்படும் விசாவில் மூன்று விவரங்களைப் பயணி கவனமாகப் படிக்கவேண்டும்: எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை செல்லும், மொத்தம் எத்தனை நாட்கள் தங்கலாம், எத்தனை முறை நுழையலாம் என்பன அவை. செல்லுபடிக் காலம் பெரும்பாலும் தங்கும் நாட்களைவிட 15 நாட்கள் கூடுதலாக இருக்கும். பயணத் தேதி சற்று முன்பின்னாக மாறுவதற்கான இந்த இடைவெளியைத் தங்கும் உரிமையாகக் கருதி மிகுதி நாட்களும் இருந்துவிடுவோர் விதிமீறியவராகின்றனர்.

எந்த ஒரு 180 நாள் காலப்பகுதியிலும் 90 நாட்களுக்கு மேல் தங்கக் கூடாது என்பது பொதுவிதி; நுழையும் நாளும் வெளியேறும் நாளும் கணக்கில் சேரும். பலமுறை நுழையும் விசா வைத்திருக்கும் ஒருவர் மார்ச் 1 முதல் ஏப்ரல் 29 வரை 60 நாட்களும், ஜூலை 1 முதல் 30 வரை 30 நாட்களும் தங்கினால், 90 நாட்களும் தீர்ந்துவிடுகின்றன. ஒவ்வொரு நாளும் அன்றிலிருந்து பின்னோக்கி 180 நாட்களை எண்ணவேண்டும் என்பதால், மார்ச் 1 அந்த வரம்பிலிருந்து நழுவும் ஆகஸ்ட் 28 அன்றுதான் அவர் மீண்டும் நுழைய முடியும். நாடு மாறினால் கணக்கு புதிதாகத் தொடங்குவதில்லை. 29 நாடுகளில் கழித்த நாட்களும் ஒன்றாகவே கூட்டப்படும்.

விசா பெற்றதனாலேயே நுழையும் உரிமை தானாக வந்துவிடுவதில்லை என்பதைச் சட்டம் வெளிப்படையாகக் கூறுகிறது. எல்லையில் உள்ள அலுவலர் நோக்கம், பணம், தங்குமிடம் குறித்து மீண்டும் கேட்கலாம். விடை பொருந்தாவிடில் திருப்பியும் அனுப்பலாம். உரிய ஆவணமின்றிப் பயணியை ஏற்றிவந்த விமான நிறுவனம் அவரைத் தன் செலவில் திருப்பி அழைத்துச் செல்வதோடு அபராதத்துக்கும் உள்ளாகும் என்பதால், சென்னை, கொழும்பு விமான நிலையங்களிலேயே விசாவும் கடவுச்சீட்டும் கூர்ந்து பார்க்கப்படுகின்றன. ஆவணங்களின் நகல்களைக் கைப்பையில் வைத்திருப்பது நல்லது. ஷெங்கன் பகுதிக்குள்ளும் நாடுகள் தற்காலிகமாக எல்லைச் சோதனையைக் கொண்டுவர இயலும். ஜெர்மனி 2024 செப்டம்பர் 16 முதல் தன் தரைவழி எல்லைகள் அனைத்திலும் அவ்வாறு செய்தது. ஆகவே நாடு விட்டு நாடு செல்லும் ரயிலிலும் கடவுச்சீட்டு உடன் இருக்கவேண்டும்.

கடவுச்சீட்டில் முத்திரை குத்தும் பழைய முறைக்கு மாற்றாக, நுழைவையும் வெளியேற்றத்தையும் மின்னணு முறையில் பதியும் அமைப்பு 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாகத் தொடங்கப்பட்டது. மங்கிய முத்திரைகளை வைத்து நாட்களை எண்ணிய காலத்தில் தப்பிய ஒருநாள் மீறலும் இதில் தானாகவே வெளிப்படும். அதே பதிவு ஒழுங்காகத் திரும்பியவருக்குச் சான்றாகவும் நிற்கிறது. இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமக்களுக்கென 2024 ஏப்ரலில் ஐரோப்பிய ஆணையம் வகுத்த ஏற்பாட்டின்படி, முந்தைய மூன்று ஆண்டுகளில் இரண்டு விசாக்களைப் பெற்று முறையாகப் பயன்படுத்தியவர், இரண்டாண்டுகள் செல்லும் பலமுறை நுழைவு விசாவைப் பெறலாம். கடவுச்சீட்டின் காலம் போதுமாயின், அதற்கடுத்து ஐந்தாண்டு விசாவும் கிடைக்கும். ஒரு நாட்டில் செய்த மீறல் மற்ற 28 நாடுகளிலும் கதவை அடைப்பதுபோல, ஒரு நாட்டில் காட்டிய ஒழுங்கும் அனைத்து நாடுகளின் கணக்கிலும் சேர்கிறது. ஆதலால் முதல் பயணத்தைக் குறித்த நாளுக்குள் முடித்துத் திரும்புவதே, அடுத்த விண்ணப்பத்துடன் ஒருவர் இணைக்கக்கூடிய வலுவான ஆவணம்.