முதல் எலெக்ட்ரிக் கிடார் வாங்கும் முன்: ஒரு பீளமேட்டுக் குறிப்பு

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். எங்கள் வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி இருக்கும் கல்லூரித் தம்பி போனை நீட்டிக்கொண்டு வந்து நின்றான். நாலு வருஷமாகச் சபையில் அக்கூஸ்டிக் கிடார் வாசிக்கிறவன். இப்போது பாடல் குழுவில் எலெக்ட்ரிக் வாசிக்கச் சொல்லியிருக்கிறார்களாம்.

"அண்ணா, லிஸ்ட் போட்டுட்டனுங்க. பாத்து ஓகே மட்டும் சொல்லுங்க."

பட்டியலில் ஒரு கிடார், நாலு பெடல். மொத்தம் முப்பதாயிரத்தைத் தொட்டது. அவன் அப்பா மோட்டார் ரீவைண்டிங் பட்டறையில் வேலை பார்க்கிறார். போனஸையும் சீட்டுப் பணத்தையும் சேர்த்துக் கொடுத்த தொகை அது. இன்னொரு தடவை கேட்க முடியாத பணம்.

"இதையெல்லாம் எதுல சொருகப் போறே?" என்று கேட்டேன்.

"மிக்ஸர்லதானுங்க. நம்ம சர்ச்சுல ஆம்ப் ஏதுங்க?"

இந்தப் பதிலில்தான் விஷயமே இருக்கிறது. யூட்யூப் வீடியோக்கள் கிடாரில் தொடங்கி, பெடல் வழியாக, ஆம்ப்பில் முடியும். நம் ஊர்ச் சபைகள் பலவற்றில் ஆம்ப் கிடையாது. கிடார் நேராக மிக்ஸருக்குப் போய், பேச்சுக்காக மாட்டிய ஸ்பீக்கரில் வெளியே வரும். அதனால் அவனுக்கு நான் சொன்னது ஒன்றுதான்: வயரின் அந்த முனையிலிருந்து தொடங்கு. எந்த ஹாலில், எந்த ஸ்பீக்கரில், எந்தப் பாட்டுக்கு என்று முதலில் பார். கிடாரைக் கடைசியில் முடிவு செய்யலாம். அன்று பேசியதையும் பிறகு சரிபார்த்ததையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

மிக்ஸரில் நேராகச் சொருகினால் என்ன ஆகும்?

நான் ஒருமுறை செய்திருக்கிறேன். ஒரு டிஸ்டார்ஷன் பெடலை நேராக மிக்ஸரில் கொடுத்து வாசித்தேன். தகரத்தை ஆணியால் கீறிய மாதிரி ஒரு சத்தம். முன் வரிசைப் பாட்டி காதைப் பொத்திக்கொண்டார். நேராகச் சொருகுவதில் வரும் சிக்கல்கள் ரெண்டு.

ஒன்று, ஸ்பீக்கர். கிடார் ஆம்ப்பில் இருக்கும் 12 அங்குல ஸ்பீக்கர், 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வரும் கீச்சொலியைப் பெரும்பாலும் வெளியே விடாது. சபையின் ஸ்பீக்கரோ 15,000 ஹெர்ட்ஸுக்கு மேலும் பாடும். டிஸ்டார்ஷன் உண்டாக்கும் கூர்மையான ஒலிகள் எல்லாம் வடிகட்டப்படாமல் அப்படியே வந்து விழும். இந்த வடிகட்டும் வேலையை மின்னணு முறையில் செய்வதற்குப் பெயர் கேபினெட் சிமுலேஷன். ஆம்ப் இல்லாத சபைக்கு இது கட்டாயம் வேண்டும்.

இரண்டு, இம்பீடன்ஸ். கிடாரின் பிக்கப் தருவது பலவீனமான சிக்னல். அதை வாங்கும் கருவியின் உள்நுழைவு சுமார் 1 மெகா ஓம் இருந்தால்தான் ஒலி முழுசாக வரும். மிக்ஸரின் லைன் இன்புட் பெரும்பாலும் 10 முதல் 20 கிலோ ஓம்தான், அதாவது தேவையில் ஐம்பதில் ஒரு பங்கோ நூறில் ஒரு பங்கோ. நடுவில் பெடல் இல்லாமல் கிடாரையே அப்படிச் சொருகினால் மேல் ஸ்தாயி மங்கி, போர்வைக்குள் இருந்து வாசிப்பது போல ஆகிவிடும்.

இந்த ரெண்டையும் ஒரே பெட்டியில் தீர்த்து வைப்பதுதான் மல்டி எஃபெக்ட்ஸ். சூம், நக்ஸ், மூவர், பாஸ் என்று பல கம்பெனிகள் செய்கின்றன. எந்தக் கம்பெனி என்பதைவிட இந்த மூன்று கேள்விகளைக் கடையில் கேளுங்கள்: கேபினெட் சிமுலேஷன் இருக்கா? காலால் தட்டி வேகம் வைக்கும் டேப் டெம்போ இருக்கா? வால்யூம் பெடல் கூடவே இருக்கா, இல்லை தனியாக இணைக்க முடியுமா? தம்பியின் நாலு பெடல்களில் ஒன்றில்கூடக் கேபினெட் சிமுலேஷன் இல்லை.

மேடையிலிருந்து மிக்ஸர் தூரமாக இருந்தால் ஒரு டி.ஐ. பாக்ஸ் வாங்குங்கள். சாதாரண கிடார் கேபிள் ஐந்தாறு மீட்டரைத் தாண்டினால் இரைச்சலைச் சேர்த்துக்கொள்ள ஆரம்பிக்கும். டி.ஐ. பாக்ஸ் அந்த சிக்னலை மைக் கேபிளில் போகிற மாதிரி மாற்றித் தரும். மல்டி எஃபெக்ட்ஸுக்குப் பிறகு வைப்பதென்றால், கரண்ட் தேவையில்லாத சாதாரண பேசிவ் வகையே போதும்.

பிக்கப் என்பது ஒரு காயில்

இதைப் பேசிக்கொண்டிருக்கும்போது அவன் அப்பாவும் வந்து திண்ணையில் உட்கார்ந்தார். "இந்தக் கிடாருக்குள்ள என்னங்க தம்பி இருக்குது?" என்று கேட்டார். அவருக்குச் சொல்லிப் புரியவைப்பது சுலபமாக இருந்தது. காந்தத்தைச் சுற்றிச் செப்புக் கம்பி. ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைப் பிக்கப்பில் சுமார் 0.06 மில்லிமீட்டர் கம்பி, ஏறத்தாழ 8,000 சுற்று. மேலே ஸ்டீல் தந்தி ஆடும்போது காந்தப்புலம் மாறி, காயிலில் மின்னழுத்தம் உண்டாகிறது. அவ்வளவுதான் எலெக்ட்ரிக் கிடார்.

"அப்ப பக்கத்துல மோட்டார் ஓடுனா அதையும் இழுக்குமேங்க?"

இழுக்கும். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். பழைய டியூப்லைட் சோக், ஃபேன் ரெகுலேட்டர், பக்கத்தில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் எல்லாவற்றின் இரைச்சலையும் ஒற்றைக் காயில் பிக்கப் பிடித்துக்கொள்ளும். ஜெபம் நடக்கும் அமைதியில் "ம்ம்ம்" என்று ஒரு ரீங்காரம் கேட்டால் அது இதுதான். 1950களின் நடுவில் கிப்சன் கம்பெனியின் சேத் லவர் இதற்கு ஒரு வழி செய்தார். இரண்டு காயில்களை எதிரெதிர்த் திசையில் இணைத்து, காந்த முனைகளையும் மாற்றி வைத்தார். வெளி இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், தந்தியின் ஒலி கூடும். ஹம்பக்கர் என்கிற பெயரே அதனால் வந்ததுதான்.

ஆனால் ஆராதனைப் பாடல்களில் வரும் அந்தத் தெளிந்த, மணி போன்ற ஒலி ஒற்றைக் காயிலில்தான் நன்றாக வரும். ஆகவே முதல் கிடாருக்கு என் பரிந்துரை ஹெச்.எஸ்.எஸ். வகை: பிரிட்ஜ் பக்கம் ஒரு ஹம்பக்கர், மற்ற இரண்டும் ஒற்றைக் காயில். யமஹா பசிஃபிகா வரிசையிலும், ஸ்குவையர், ஐபனெஸ் கம்பெனிகளிலும் இந்த அமைப்பு கிடைக்கும். பூட்டுப் போட்ட ஃபிளாய்ட் ரோஸ் பிரிட்ஜ் முதல் கிடாருக்கு வேண்டாம். பாட்டுக்கு நடுவில் ஒரு தந்தி அறுந்தால் மற்ற ஐந்தும் சுருதி விலகும்.

கடையில் பார்க்க வேண்டியவை:

- முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடியுங்கள். ஏழு, எட்டாவது ஃப்ரெட் பக்கம் தந்திக்குக் கீழே மயிரிழை இடைவெளி தெரியணும். நிறைய இருந்தால் நெக் வளைந்திருக்கிறது.
- 12ஆவது ஃப்ரெட்டில் அழுத்தி வாசித்த ஸ்வரமும், அதே இடத்தில் லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கும் ட்யூனரில் ஒன்றாகக் காட்டணும்.
- நெக்கின் ஓரமாக விரலை ஓட்டுங்கள். ஃப்ரெட் முனை குத்தக்கூடாது.
- ஒவ்வொரு குமிழையும் திருகிப் பாருங்கள். கரகரப்பு வரக்கூடாது.

வாங்கிய பிறகு தெரிந்தவரிடம் கொடுத்து ஒரு செட்டப் செய்துவிடுங்கள். செட்டப் செய்த சாதாரண கிடார், செட்டப் செய்யாத விலையுயர்ந்த கிடாரைவிடக் கைக்கு இசைவாக இருக்கும்.

டிலேயும் நம் தாளமும்

தம்பிக்கு மிகவும் ஆசை டிலே பெடல் மேல்தான். ஒரு ஸ்வரம் வாசித்தால் மூன்றாகத் திரும்பி வரும் ஒலி. இந்தப் பாணியைப் பெரிதாகப் பரப்பியவர் அயர்லாந்தின் யூ2 குழுவின் கிடாரிஸ்ட் எட்ஜ். 1987இல் வந்த 'த ஜோஷுவா ட்ரீ' ஆல்பத்தின் முதல் பாட்டிலேயே அதைக் கேட்கலாம். பிறகு சிட்னியின் ஹில்சாங் போன்ற ஆங்கில ஆராதனைக் குழுக்கள் அதை எடுத்துக்கொண்டன. அங்கிருந்து நம் தமிழ்ப் பாடல் குழுக்களுக்கும் வந்தது.

அதன் கணக்கு இது. 60,000ஐப் பாட்டின் வேகத்தால் வகுத்தால் ஒரு அடிக்கு எத்தனை மில்லிசெகண்ட் என்று வரும். நிமிஷத்துக்கு 72 அடி என்றால் 833. அதில் முக்கால் பங்கு, அதாவது 625 மில்லிசெகண்டில் எதிரொலி வரவேண்டும். பெடலில் இதற்கு டாட்டட் எயித் என்று பெயர். நான்கு எண்ணிக்கைப் பாட்டில் இது அழகாகப் பொருந்தும், ஏனென்றால் அங்கே ஒவ்வொரு அடியும் நான்காகப் பிரிகிறது.

நம் பாட்டுகளில் நிறைய சிக்ஸ் எயிட். திஸ்ர நடை. ஒவ்வொரு அடியும் மூன்றாகப் பிரியும். நிமிஷத்துக்கு 60 பெரிய அடி என்று வையுங்கள். ஒரு அடி 1,000 மில்லிசெகண்ட், உள் எண்ணிக்கைகள் 333, 667, 1,000 என்று விழும். இங்கே பெரிய அடியைத் தட்டி டாட்டட் எயித் வைத்தால் எதிரொலி 750இல் வரும். தாளத்தில் அப்படி ஒரு இடமே கிடையாது! டிரம்மர் ஒரு பக்கம், எதிரொலி ஒரு பக்கம் என்று இழுக்க, பாடுகிறவர்கள் நடுவில் தடுமாறுவார்கள். யாருக்கும் காரணம் தெரியாது, "இன்னிக்குப் பாட்டு சரியா உக்காரலையே" என்று மட்டும் சொல்வார்கள்.

இதற்கு வழி சுலபம். சிக்ஸ் எயிட் பாட்டுக்குப் பெரிய அடியைத் தட்டாமல், ஆறு எண்ணிக்கையையும் ஒவ்வொன்றாகத் தட்டி, பெடலைச் சாதாரண குவார்ட்டரில் வையுங்கள். எதிரொலி 333இல் வந்து தாளத்தோடு உட்காரும்.

கீர்த்தனைகளுக்கு இன்னும் கொஞ்சம் கவனம் வேணும். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) காலத்திலிருந்து வரும் இந்த மரபு ராகத்திலும் தாளத்திலும் அமைந்தது. பெரியவர்கள் கமகத்தோடு பாடும்போது, நீண்ட டிலேயும் ரிவெர்பும் போன ஸ்வரத்தை இந்த ஸ்வரத்தின் மேல் பூசிவிடும். நான் தம்பிக்குச் சொன்னது: அங்கே கார்டு மாற்றிக்கொண்டே இருக்காதே. ஷட்ஜம், பஞ்சமம் மட்டும் பிடித்து, வால்யூம் பெடலில் மெதுவாக ஏற்றி இறக்கு. தம்பூரா மாதிரி பின்னால் நிற்கும், பாட்டு முன்னால் வரும். மனிதக் குரலும் கிடாரும் பெரும்பாலும் ஒரே அதிர்வெண் பகுதியில்தான் இருக்கின்றன. கிடார் ஏறினால் சபையின் குரல் மறையும்.

எர்த் இல்லாமல் வாசிக்காதீர்கள்

கடைசியாகச் சொல்லும் இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். கிடாரின் தந்திகள் பிரிட்ஜ் வழியாகக் கேபிளின் எர்த்தோடு இணைந்தவை. மைக்கின் இரும்பு வலை மிக்ஸரின் எர்த்தோடு இணைந்தது. ஒரு பக்கம் எர்த் கோளாறு இருந்தால், தந்தியைப் பிடித்தபடி மைக்கில் உதடு படும்போது கரண்ட் நம் உடம்பு வழியாகப் பாயும். 1972 மே மாதம் வேல்ஸின் ஸ்வான்சீயில், ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிடாரிஸ்ட் லெஸ் ஹார்வி மேடையில் மைக்கைத் தொட்டு இப்படித்தான் இறந்தார்.

இரைச்சல் வருகிறது என்று மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை எடுத்துவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். டி.ஐ. பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் என்று ஒரு சுவிட்ச் இருக்கும், அதை மாற்றிப் பாருங்கள். மிக்ஸர், கிடார், கீபோர்டு எல்லாவற்றுக்கும் ஒரே இடத்திலிருந்து கரண்ட் எடுங்கள்.

இதைக் கேட்டதும் அவன் அப்பா எழுந்தார். "நாளைக்குக் காலைல நானே போய்ப் பாத்தர்றனுங்க." ஞாயிறு ஆராதனைக்கு முன்னால் டெஸ்ட் பல்போடு போயிருக்கிறார். மேடைப் பிளக் போர்டில் எர்த் வயர் எங்கேயும் சேராமல் தொங்கிக்கொண்டிருந்ததாம். கீபோர்டு வாசிக்கிற பெண், "அப்பப்ப கை சுர்ருங்குதுங்க" என்று பல மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். அன்றே சரி செய்துவிட்டார். உங்கள் சபையிலும் எலெக்ட்ரீஷியன் ஒருவரை வைத்து இதைப் பார்த்துவிடுங்கள்.

முப்பதாயிரத்தை எப்படிப் பிரித்தோம்

பாதி கிடாருக்கு. மூன்றில் ஒரு பங்கு மல்டி எஃபெக்ட்ஸுக்கு. மிச்சம் ஐந்தாயிரம் டி.ஐ. பாக்ஸ், இரண்டு நல்ல கேபிள், ஸ்ட்ராப், ஒரு செட் தந்தி, செட்டப் கூலி. தனிப் பெடல் எதுவும் வாங்கவில்லை. ஆறு மாதம் வாசித்த பிறகு எந்த எஃபெக்ட்டைத் தினமும் தொடுகிறானோ, அதற்கு மட்டும் தனிப் பெடல் வாங்கலாம் என்று பேச்சு.

பையன் முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம்தான். நாலு பெடல் வரிசையாக மின்னும் படம் அவன் மனசில் இருந்தது. போன ஞாயிறு போன் செய்தான். "அண்ணா, வயசானவங்க பாடுறது இன்னிக்கு நல்லா கேட்டுதுங்க" என்றான். கிடார் எப்படி இருந்தது என்று கேட்க மறந்துவிட்டேன்.