பொதிகைக் காடு பிடிக்கும் மேகம்

ஆனி, ஆடியில் அம்பாசமுத்திரத்து வயல்வரப்பில் நின்று மேற்கே பார்த்தால் பெரும்பாலும் பொதிகையின் தலை தெரியாது. 1,868 மீட்டர் உயர்ந்த அகத்தியர் மலை மேகத்துக்குள் போயிருக்கும். கீழே வெயில் அடிக்கும்போதே மேல்காற்றில் சாரல் வந்து முகத்தில் படும்.

அரபிக்கடலின் ஈரத்தை அள்ளிவரும் தென்மேற்குக் காற்று, மலைச்சுவரில் முட்டி மேலேறுகிறது. ஏற ஏறக் காற்று விரிந்து குளிர்கிறது. அதிலுள்ள நீராவி நுண்துளிகளாகிறது. ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பகுத்தால் அதில் ஓரிரு பங்குதான் ஒரு துளியின் அகலம். மழையாக விழ எடை போதாமல் அது காற்றோடு மிதக்கிறது. அதுதான் மூடுபனி.

விழாத அந்த நீரைக் காடு பிடிக்கிறது. உச்சியை நெருங்கும்போது ஓயாத காற்றில் மரங்கள் குட்டையாகி, கிளை முறுகி நிற்கும். பட்டை தெரியாதபடி பாசி போர்த்தியிருக்கும். ஒரு பாசி இழையை உற்றுப் பாருங்கள். நுண்துளிகள் நுனியில் ஒட்டி, ஒன்றோடொன்று கூடி, கடுகளவு ஆனதும் பாரம் தாங்காமல் சொட்டும். மழை பெய்யாத நாளிலும் மரத்தடி நனைந்திருப்பது இதனால்தான். சொட்டிய நீர் இலைமக்கில் ஊறி, பாறை இடுக்கில் கசிந்து, ஓடையாகிறது. பூங்குளத்தில் பிறக்கும் தாமிரபரணி இத்தகைய ஓடைகளைச் சேர்த்துக்கொண்டு, பாணதீர்த்தத்தில் அருவியாகக் குதித்துக் காரையாறு அணைக்கு வருகிறது.

ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை மறுபக்கமிருந்து மலையை நனைக்கும். நெல்லைச் சீமையின் கார் நெல் சாகுபடி தென்மேற்குப் பருவத்தையும், பிசானம் வடகிழக்குப் பருவத்தையும் நம்பியவை.

இந்த மலையின் காற்றையும் வெப்பத்தையும் அளக்க, திருவனந்தபுரம் வானாய்வகத்தின் தலைவர் ஜான் ஆலன் பிரவுன் 1855இல் இங்கே ஓர் ஆய்வுநிலையம் அமைத்தார். இங்கு வாழும் காணிப் பழங்குடி மக்களுக்கோ தலைமுறைகளாக இது சொந்தக் காடு. தமிழகப் பக்கம் 1988இல் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகமானது. 2016இல் அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் யுனெஸ்கோவின் உலகப் பட்டியலில் சேர்ந்தது.

மரங்கள் போனாலும் மேகம் வரும். பிடித்துச் சொட்டவைக்க இலையும் பாசியும் இல்லாமல் அதன் ஈரத்தில் ஒரு பங்கு மலையைக் கடந்துவிடும். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்குக் கீழே கடைமடையில் நாற்று நடுபவர் அந்தக் குட்டை மரங்களைப் பார்த்திருக்க மாட்டார். அவர் கால் நனைக்கும் சேற்றில் அவை சொட்டிய நீரும் உண்டு.