காஞ்சி மண்ணுக்குப் புல்தரை எதற்கு?

காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள கல்லூரி வளாகங்கள் பலவற்றில் கண்ணில் படுவது வெட்டிவிட்ட புல்தரையும் அழகுப் பனைகளும்தான். பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாய்க் கிடக்கும் ஊரில், புல்லுக்காக மோட்டார் ஓடுகிறது.

இந்த மண்ணுக்கென்று ஒரு காடு உண்டு. சோழமண்டலக் கரையிலும் அதையொட்டிய சமவெளியிலும் பரவியிருந்த உலர் பசுமைமாறாக் காடு அது. உலக்கைப்பாலை, வீரை, காசான், நாவல், களா எல்லாம் அதன் மக்கள். காசான் இலையைக் கிள்ளிப் பாருங்கள்: தடித்து, மெழுகு பூசியதுபோல் வழவழக்கும். ஈரம் எளிதில் ஆவியாகாது. ஐப்பசி, கார்த்திகையில் குடித்த மழையை வைத்துக்கொண்டே சித்திரை வெயிலைத் தாண்டிவிடும்.

இந்தக் காடு கல்லூரி வளாகத்துக்குள்ளும் வாழும் என்பதற்குச் சான்று தேடித் தொலைதூரம் போக வேண்டாம். 2019 வரை காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த தாம்பரத்தில் சென்னைக் கிறித்துவக் கல்லூரி இருக்கிறது. 1937-ல் ஜார்ஜ் டவுன் நெரிசலை விட்டு, சேலையூர்க் காட்டில் 365 ஏக்கருக்குக் குடிபெயர்ந்த கல்லூரி அது. அங்கே மரம் வளர்ப்பதில் முன்னின்ற எட்வர்ட் பார்ன்ஸ், வேதியியல் பேராசிரியர். கட்டடங்கள் எழும்பிய பிறகும் புதர்க்காட்டின் பெரும்பகுதியை அப்படியே விட்டார்கள். இன்றும் அங்கே புள்ளிமான் மேய்கிறது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது நட்டதல்ல, அழிக்காமல் விட்டது.

புதிதாகத் தொடங்கும் வளாகம் முதலில் மழைநீர் ஓடும் வழியைப் பார்க்க வேண்டும். பள்ளத்தில் குட்டை, அதன் கரையில் நீர்மருதும் அத்தியும். அத்திவரதர் சிலையைத் தந்த மரத்தைக் காஞ்சிக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நடைபாதையோரம் புங்கம், மகிழம். வெயில் காயும் மேட்டில் ஆவாரை, நுணா. நுணா வேரின் சாயம் ஒருகாலத்தில் நூலுக்கு நிறமேற்றியது. நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் வளாகத்தில் அது நிற்பது பொருத்தம்.

தரையை ஒட்டிய செடிகளையும் களையென்று பிடுங்கிவிடக் கூடாது. ஆடுதீண்டாப்பாளையை ஆடு தொடாது; அதன் இலையில் நஞ்சு இருக்கிறது. சிவந்த உடலும் கருஞ்சிறகும் கொண்ட ஒரு வண்ணத்துப்பூச்சி அதிலும் அதன் இனச் செடிகளிலும்தான் முட்டையிடும். புழு அந்த நஞ்சைத் தின்று உடம்பில் சேர்த்துக்கொள்ளும். வளர்ந்து பறக்கும்போதும் நஞ்சு கூடவே இருப்பதால் பறவைகள் அதைக் கொத்தத் தயங்கும். செடியைப் பிடுங்கினால் பூச்சியும் போய்விடும்.

சருகைக் கொளுத்தாமல் மரத்தடியில் மூடாக்காகப் போட்டால் மண்ணில் ஈரம் நிற்கும். கன்று வேர்பிடிக்கும்வரை, முதல் இரண்டு மூன்று கோடைகளில் தண்ணீர் ஊற்றத்தான் வேண்டும். அதன்பின் பெரும்பாலும் மழையே பார்த்துக்கொள்ளும்.

கல்லூரி நிர்வாகத்தினருக்கு ஒரு வேண்டுகோள்: ஆவணியிலேயே குழியெடுத்து வையுங்கள். நாற்றங்காலில் காசானும் வீரையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். கேட்பவர் இருந்தால்தான் அவற்றின் விதையைச் சேகரிக்கவும் ஆள் வருவார்கள்.