பொருள் மலிவு, பார்சல் ஏன் விலை ஏறுகிறது?

பெங்களூரில் சாலிடரிங் அயர்னைக் கையில் எடுத்த எவருக்கும் எஸ்.பி. ரோடு தெரிந்திருக்கும். டவுன் ஹாலுக்குப் பக்கத்தில் உள்ள சாதர் பத்ரப்பா ரோட்டைத்தான் எல்லோரும் அப்படிச் சொல்கிறோம். ரெசிஸ்டர், ரிலே, மோட்டார், டிஸ்ப்ளே என்று அங்கே கிடைக்காதது குறைவு. ஆனாலும் கீபோர்டுக்குக் குறிப்பிட்ட ஒரு வகை சுவிட்ச், பழைய சின்தசைசருக்குள் இருக்கும் ஒரே ஒரு சிப் என்று தேட ஆரம்பித்தால் வெளிநாட்டுக் கடைக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. விலை கட்டுப்படியாகத் தெரியும், ஆர்டர் போடுவோம். பார்சல் கெம்பேகவுடா விமான நிலையத்தில் இறங்கியதும் இவ்வளவு கட்டுங்கள் என்று கூரியரிடமிருந்து மெசேஜ் வரும். அந்தத் தொகை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால், அதில் எது தவிர்க்க முடியாதது, எது வீண் செலவு என்று பிரித்துவிடலாம்.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையைக் களைய வேண்டும். "சின்ன பார்சல்தானே, வரி வராது" என்பது இங்கே செல்லாது. அமெரிக்காவில் 800 டாலர் வரை வரியில்லாமல் விட்டுவந்தார்கள். அந்தச் சலுகையே 2025 ஆகஸ்ட் 29 அன்று எல்லா நாடுகளுக்கும் முடிந்துபோனது. இந்தியாவில் விலைக்கு வாங்கிய பொருளுக்கு அப்படிச் சொல்லிக்கொள்ளும்படியான வரம்பு எதுவும் இல்லை. ஒரே ஆர்டரை மூன்றாகப் பிரித்தால் வரி குறையாது, கூரியர் கட்டணம்தான் மூன்று முறை விழும். இணையக் கடையில் வாங்கியதைப் பரிசு என்று எழுதச் சொல்லும் வழியும் அடைபட்டுவிட்டது. 2019 டிசம்பர் 12 அறிவிப்பின்படி, உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக்கும் மட்டும்தான் அதில் விலக்கு. விலையைக் குறைத்து எழுதச் சொல்வதை நினைத்தும் பார்க்காதீர்கள். 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 111, 112 பிரிவுகளின் கீழ் பொருளையும் பறிமுதல் செய்யலாம், அபராதமும் போடலாம். வழியில் பார்சல் தொலைந்தாலும் எழுதிய விலைக்குத்தான் இழப்பீடு கிடைக்கும்.

இனி கணக்கு. வரி பொருளின் விலைக்கு மட்டும் அல்ல. விலை, போக்குவரத்து, காப்பீடு மூன்றையும் கூட்டி வரும் மதிப்புக்குத்தான் வரி. அதன்மேல் அடிப்படைச் சுங்க வரி, அந்த வரியில் 10 சதவீதம் சமூக நல கூடுதல் வரி, இவை எல்லாம் சேர்ந்த தொகையின்மேல் இறக்குமதிக்கான ஜிஎஸ்டியான ஐஜிஎஸ்டி. சொந்தப் பயன்பாட்டுக்காகத் தபாலிலோ விமானத்திலோ வரும் பொருள்களுக்கு 9804 என்று தனித் தலைப்பு இருக்கிறது. அதற்கான ஐஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. அடிப்படை வரியை 20லிருந்து 10 சதவீதமாகக் குறைப்பதாக 2026 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். விகிதங்கள் அடிக்கடி மாறும் என்பதால் ஆர்டர் போடும் அன்று சுங்க வாரியத்தின் தளத்தில் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கில் பலர் கவனிக்காத ஒரு விதி இருக்கிறது. விமானத்தில் வரும் பொருளுக்கு, போக்குவரத்துச் செலவாக மதிப்பில் சேர்ப்பது பொருள் விலையில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 2007ஆம் ஆண்டு சுங்க மதிப்பீட்டு விதிகளில் 10ஆவது விதி இது. 4,000 ரூபாய்க்கு உதிரி வாங்கி, எக்ஸ்பிரஸ் கூரியருக்கு 2,000 ரூபாய் கொடுத்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சேர்க்க வேண்டியது 800 ரூபாய்தான். காப்பீடு தனியாகக் காட்டப்படாவிட்டால் 1.125 சதவீதம், அதாவது 45 ரூபாய். மொத்த மதிப்பு 4,845 ரூபாய். 10 சதவீதம், அதில் பத்தில் ஒரு பங்கு, பிறகு 18 சதவீதம் என்று போட்டால் வரி ஏறக்குறைய 1,501 ரூபாய் வரும். 2,000 ரூபாயை அப்படியே சேர்த்திருந்தால் 1,873 ரூபாய். அதனால் கூரியர் உங்கள் பெயரில் சுங்கத்துறையிடம் தாக்கல் செய்யும் பில் ஆஃப் என்ட்ரி என்ற படிவத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அதில் மதிப்பு என்ற கட்டத்தை மட்டும் பார்த்தாலே போதும், தவறு இருந்தால் தெரிந்துவிடும். பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டால் திருத்துவது எளிது.

வரியைத் தவிர கூரியர் நிறுவனம் தனக்கென்று ஒரு கட்டணம் வாங்கும். உங்கள் சார்பில் வரியை முன்கூட்டிக் கட்டியதற்கான கூலி அது. பெரும்பாலும் குறைந்தபட்சத் தொகை ஒன்று, வரியில் குறிப்பிட்ட சதவீதம் ஒன்று, இரண்டில் எது அதிகமோ அது. அதன்மேலும் ஜிஎஸ்டி உண்டு. சின்ன பார்சலில் இந்தக் குறைந்தபட்சத் தொகைதான் ஆளை அடிக்கிறது. அவசரமில்லாத பொருளுக்கு நான் தபாலைத்தான் சொல்வேன். மெதுவாக வரும், நடுவில் டிராக்கிங் பல நாள் அசையாமல் நிற்கும். ஆனால் வரியைத் தபால்காரரிடம் கட்டி வாங்கிக்கொள்ளலாம், கூரியருக்கு அழும் கூலி இல்லை. விற்பவர் வரியையும் சேர்த்தே வசூலிக்கிறார் என்றால் அந்த ரசீதைப் பத்திரமாக வையுங்கள். டெலிவரி நேரத்தில் மறுபடியும் கேட்டால் காட்ட வேண்டியிருக்கும். கார்டில் கட்டும்போது ரூபாயிலா டாலரிலா என்று கேட்டால் விற்பவரின் நாணயத்தைத் தேர்ந்தெடுப்பதே பொதுவாக லாபம்.

இதையெல்லாம் செய்தாலும், ஒற்றை ஆளாக இறக்குமதி செய்கிறவருக்கு ஒரு பாதகம் இருக்கிறது. வியாபாரி ஒருவர் ஐசி சிப்புகளை மொத்தமாக இறக்கினால் அவற்றுக்கு அடிப்படைச் சுங்க வரி சுழியம். அதே சிப்பை நீங்கள் சொந்தப் பயன்பாட்டுக்கு வரவழைத்தால் 9804 தலைப்பின் விகிதம்தான். வியாபாரி கட்டும் கூரியர் செலவும் ஆயிரம் துண்டுகளில் பரவிவிடுகிறது. அதனால் எலக்ட்ரானிக் உதிரி என்றால் முதலில் இந்தியாவில் ரூபாயில் பில் போடும் விநியோகஸ்தரிடம் பாருங்கள். எலிமெண்ட்14 நிறுவனத்துக்குப் பெங்களூரிலேயே அலுவலகம் இருக்கிறது. விலை கூடுதலாகத் தெரிந்தாலும், மேலே சொன்ன கணக்கைப் போட்டு ஒப்பிட்ட பிறகு முடிவெடுங்கள். பல முறை உள்ளூர் விலையே குறைவாக வரும். அங்கும் இல்லையென்றால், ஒரே ரசனையுள்ள நண்பர்கள் தேவைகளைச் சேர்த்து ஒரே பார்சலாக வரவழைப்பது அடுத்த வழி. ஆனால் அளவு சொந்தப் பயன்பாட்டுக்கானது என்று நம்பும்படி இருக்க வேண்டும்.

வரியைவிடப் பெரிய நஷ்டம் பார்சல் நின்றுபோவதுதான். கிடங்கில் கிடக்கும் நாளுக்கு வாடகை ஏறும். வைஃபை, ப்ளூடூத் உள்ள போர்டு, ரிமோட் விமானத்தின் டிரான்ஸ்மிட்டர் போன்றவற்றுக்குத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவின் ஒப்புதலைக் கேட்பார்கள்; அது இல்லாத மாடல் என்றால் இங்கே விற்கும் மாடலையே வாங்குங்கள். முழு ட்ரோனை, பிரித்த கிட்டாகக்கூட, வரவழைக்க 2022 பிப்ரவரி 9 முதல் தடை, உதிரிபாகங்களுக்குத் தடையில்லை. லித்தியம் பேட்டரியைத் தனியாக விமானத்தில் அனுப்பக் கட்டுப்பாடுகள் அதிகம், அதை இங்கேயே வாங்கிவிடுங்கள். இன்வாய்ஸில் "பார்ட்ஸ்" என்று ஒற்றைச் சொல் வேண்டாம். "கீபோர்டு சுவிட்ச், 70 எண்ணம், பிளாஸ்டிக்" என்று எழுதும்படி விற்பவரிடம் முன்பே சொல்லுங்கள். கேஒய்சிக்கு ஆதார் அல்லது பான் கேட்டால் தாமதிக்காமல் கூரியரின் சொந்தத் தளத்தில் பதிவேற்றுங்கள்.

கடைசியாக ஒன்று. பார்சலுக்காகக் காத்திருக்கிறவரைக் குறிவைத்தே மோசடிக்காரர்கள் அழைக்கிறார்கள். உங்கள் பெயரில் போதைப்பொருள் வந்திருக்கிறது, உடனே பணம் போடுங்கள் என்று பெங்களூரில் பலரை ஏமாற்றியிருக்கிறார்கள். சுங்கத்துறை தனிநபர் வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொல்லாது. அது அனுப்பும் கடிதத்தில் டிஐஎன் என்ற அடையாள எண் இருக்கும். அதைச் சுங்க வாரியத் தளத்தில் சரிபார்க்கலாம். சந்தேகம் வந்தால் போனை வைத்துவிட்டு 1930க்கு அழையுங்கள்.