தண்ணி அடிக்கலைன்னா படகு இன்ஜின் அவ்ளோதான்!

முட்டுக்காட்டுல மோட்டார் படகு ஏறினா முதல் வேலையா செல்ஃபி எடுப்போம். அடுத்த முறை அந்த கேமராவை ஒரு நிமிஷம் படகின் பின்பக்கம் திருப்புங்க. படகுக்கு வெளியே மாட்டிய அவுட்போர்டு இன்ஜினா இருந்தா, அதன் பக்கத்தில் இருந்து பென்சில் கனத்துக்குத் தண்ணீர் பீய்ச்சி அடிச்சுக்கிட்டே இருக்கும். 'ஏதோ லீக்காகுது' என்று நினைச்சுடாதீங்க. அது அடிக்கிற வரைக்கும்தான் இன்ஜினுக்கு உயிர்!

ரேடியேட்டர் எங்கே?

உங்க பைக் இன்ஜினைக் காற்று குளிர வைக்கிறது. காருக்கு ரேடியேட்டர் இருக்கு. படகுக்கு? அது மிதக்கிற தண்ணீரேதான் ரேடியேட்டர்.

அவுட்போர்டு இன்ஜினின் கால்பகுதி தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும். அதில், புரொப்பல்லருக்கு மேலே சல்லடை மாதிரி சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். தண்ணீர் உள்ளே போகும் வாசல் அதுதான். உள்ளே இருக்கும் ரப்பர் இறக்கைகள் கொண்ட ஒரு சின்னச் சக்கரம், அதாவது இம்பெல்லர், சுழன்று தண்ணீரை மேலே தள்ளும். சிலிண்டரைச் சுற்றி ஓடி வெப்பத்தை வாங்கிக்கொண்ட தண்ணீர், பெரும்பாலும் புகையோடு சேர்ந்து கீழே வெளியேறிவிடும். அதில் கொஞ்சம் மட்டும், 'பம்ப் வேலை செய்யுது' என்று காட்டுவதற்காகப் பக்கத்துத் துளை வழியாகப் பீய்ச்சும்.

துளை அடைத்துக்கொண்டால்? ஈரம் இல்லாமல் சுழலும் ரப்பர் சீக்கிரமே உரசிச் சூடேறிக் கிழியும். இன்ஜின் கொதிக்கும். அப்படியும் ஓட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொண்டு மொத்தமாக நின்றுவிடும். காற்றால் குளிரும் சின்ன இன்ஜின்களும் உண்டு. அவற்றுக்கு இந்தத் தொல்லை கிடையாது.

ஈக்காட்டுத்தாங்கலுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

2015 டிசம்பர் 1 இரவை இந்த ஏரியாக்காரர்கள் மறக்க மாட்டார்கள். செம்பரம்பாக்கம் ஏரியில் இருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டு, அடையாறு கரை தாண்டி ஈக்காட்டுத்தாங்கல், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை தெருக்களுக்குள் வந்தது. ராணுவமும் தேசியப் பேரிடர் மீட்புப் படையும் மீனவர்களும் படகோடு வந்தார்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது காரப்பாக்கத்தில் சிக்கிய விஷ்ணு விஷாலும் ஆமிர் கானும் படகில் மீட்கப்பட்ட போட்டோ உங்க டைம்லைனிலும் வந்திருக்கும்.

ஆனால் வெள்ளம் புகுந்த தெருத் தண்ணீர், முட்டுக்காட்டுத் தண்ணீர் கிடையாது. பிளாஸ்டிக் கவர், துணி, ஆகாயத்தாமரை, சேறு எல்லாம் கலந்து வரும். பம்ப் உறிஞ்சும்போது ஒரே ஒரு கேரி பேக் போய் அந்தத் துளைகள்மேல் ஒட்டிக்கொண்டால் போதும். உறிஞ்சும் வேகமே அதை விடாமல் பிடித்து வைத்திருக்கும். இழுக்கும் வெள்ளத்தில், மூழ்கிய காம்பவுண்டு சுவர்களுக்கு நடுவே இன்ஜின் நின்றால் படகு யார் கட்டுப்பாட்டிலும் இருக்காது. இரண்டாவது மாடியில் ஒரு கர்ப்பிணியோ, டயாலிசிஸுக்குப் போக வேண்டிய தாத்தாவோ காத்துக்கொண்டிருப்பார்.

பீய்ச்சுறது நின்னுட்டா?

வெள்ளத்தில் தன்னார்வலரா இறங்குறீங்கன்னா இதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க:

* முதலில் படகை ஓரமாக ஒரு கம்பத்திலோ கேட்டிலோ கட்டி, இன்ஜினை ஆஃப் பண்ணுங்க. ஓட்டத்தில் இருக்கும்போது கையைத் தண்ணீருக்குள் விடவே கூடாது. புரொப்பல்லர் விரலைக் கேட்காது.
* இன்ஜினைச் சாய்த்துக் காலை மேலே தூக்குங்க. துளைகளில் ஒட்டியிருக்கும் கவரை உரித்து எடுங்க.
* திரும்ப ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க. அப்பவும் பீய்ச்சலையா? அந்தச் சின்னத் துளையை மெல்லிய கம்பியால் குத்திப் பாருங்க. சில நேரம் மணல் அங்கேதான் அடைத்திருக்கும்.
* அப்பவும் வரலைன்னா இம்பெல்லர் போயிருக்கலாம். துடுப்பை எடுங்க, ஓட்டாதீங்க.
* ஆழம் குறைந்த தெருவில் இன்ஜின் சேற்றையே உறிஞ்சும். அங்கே தூக்கி வெச்சுட்டுக் கையால் தள்ளுவதே நல்லது.

பெரிய படகில் ஒரு கூடை

இன்ஜின் உள்ளேயே இருக்கும் பெரிய படகுகளில், அடிப்பகுதியில் ஓட்டை போட்டுத் தண்ணீரை எடுப்பார்கள். அந்த வழியில் ஒரு வால்வும், அடுத்து டீ வடிகட்டி மாதிரி ஒரு கூடையும் இருக்கும். பாசியும் குப்பையும் அதில் தங்கும். கூடையைச் சுத்தம் பண்ணும் முன் வால்வை மூட வேண்டும். மறந்துவிட்டு மூடியைத் திறந்தால், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்கும் ஓட்டை வழியாகப் படகுக்குள்ளேயே தண்ணீர் பொங்கும். வேலை முடிந்ததும் வால்வைத் திறக்க மறந்தாலோ, இன்ஜின் கொதிக்கும்.

இது படகுக்கு மட்டுமான தலைவலி இல்லை. கல்பாக்கம் அணுமின் நிலையமும் கடல்நீரை உள்ளே இழுத்துத்தான் குளிர்கிறது. அங்கே கூட்டமாக வரும் ஜெல்லி மீன்கள் வடிகட்டிகளை அடைப்பது பழைய பிரச்னை.

மழைக்கு முன்னாடி ஒரு டெஸ்ட்

உங்க அப்பார்ட்மென்ட்டில் படகு வாங்கி வெச்சிருக்கீங்களா? சும்மாவே கிடந்தால் ரப்பர் இம்பெல்லர் விறைத்துப்போகும். ஐப்பசி பிறக்கும் முன் ஒரு பெரிய டிரம்மில் தண்ணீர் நிரப்பி, இன்ஜினின் காலை அதில் மூழ்க வைத்து, கியரை நியூட்ரலில் போட்டு ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க. பீய்ச்சினால் ஓகே. ஒரு ஸ்பேர் இம்பெல்லரும் வாங்கிப் படகிலேயே போட்டு வைங்க.

அப்புறம், பாலத்தைத் தாண்டும்போது குப்பைக் கவரை அடையாற்றில் வீசுகிறவரைப் பார்த்தால் சொல்லுங்க. வெள்ளம் வந்தால் அந்தக் கவர் நம்ம தெருவுக்குத்தான் திரும்பி வரும், நம்மைத் தேடி வரும் படகுக்குக் குறுக்கே.