எல்லாத் திசைகளிலும் ஒளிரும் காமாக் கதிர்கள்: மூலம் எது?

இரவு வானம் எமது கண்களுக்கு இருண்டதாகத் தோன்றினாலும், காமாக் கதிர்களை உணரும் கருவியொன்றுக்கு அது ஒருபோதும் இருள்வதில்லை. எமது பால்வீதியின் கதிர்களைக் கழித்த பின்னரும், எல்லாத் திசைகளிலும் ஏறக்குறைய ஒரே அளவான மங்கலான ஒளி எஞ்சுகின்றது. 1967 இல் ஏவப்பட்ட ஓ.எஸ்.ஓ. 3 செய்மதி இதன் அறிகுறிகளைத் தந்தது. 1972 இல் ஏவப்பட்ட சாஸ் 2 செய்மதி அதனை உறுதிப்படுத்தியது.

ஆழ்கடலிலிருந்து கரையை நோக்கும் மீனவருக்கு ஊரின் விளக்குகள் ஒரே ஒளிப்பட்டையாகவே தெரியும். நெருங்கும்போதுதான் அவை தனித்தனியாகப் பிரியும். இங்கும் அதுவே நிகழ்ந்து வருகின்றது. கொம்டன் ஆய்வுக்கூடத்தின் கருவி 271 மூலங்களைப் பட்டியலிட்டது. 2008 இல் ஏவப்பட்ட பேர்மி தொலைநோக்கியின் 2020 ஆம் ஆண்டுப் பட்டியலில் அத்தொகை 5,000 ஐத் தாண்டியது.

அவற்றுள் பெரும்பாலானவை பிளேசார்கள் ஆகும். தொலைதூரக் கலக்சியொன்றின் மையத்திலுள்ள இராட்சதக் கருந்துளையிலிருந்து ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் பீறிடும் தாரை, தற்செயலாகப் பூமியை நோக்கியிருந்தால் அதனையே பிளேசார் என்பர். 5,000 கோடி இலத்திரன் வோல்ற்றுக்கு மேற்பட்ட சக்தியுடன் பால்வீதிக்கு அப்பாலிருந்து வரும் கதிர்களில், தனித்து இனங்காணப்பட்டவை உட்பட, சுமார் 86 வீதம் பிளேசார்களுக்கே உரியவை என 2016 இல் பேர்மி குழு மதிப்பிட்டது. கட்புலனாகும் ஒளித்துணிக்கையின் சக்தி இரண்டு மூன்று இலத்திரன் வோல்ற்று மாத்திரமே என்பதை இங்கு நினைவில் கொள்ளவேண்டும்.

ஆயினும் பிரித்தறியப்படாத எஞ்சிய ஒளிக்கு வேறொரு விளக்கமும் உண்டு. நட்சத்திரங்கள் பெருமளவில் உருவாகும் கலக்சிகளில் பாரிய நட்சத்திரங்கள் விரைவில் வெடித்துச் சிதறுகின்றன. அவ்வெடிப்பினால் முடுக்கப்படும் புரோத்தன்கள் சுற்றியுள்ள வாயுவில் மோதும்போது பயோன் எனும் துணிக்கைகள் தோன்றி, கணப்பொழுதில் சிதைந்து காமாக் கதிர்களாகின்றன. இவ்வொளியின் பெரும்பகுதிக்கு இக்கலக்சிகளே போதுமானவை என்று அவுஸ்திரேலியத் தேசிய பல்கலைக்கழகத்தின் மட் ரோத் தலைமையிலான குழு 2021 இல் 'நேச்சர்' சஞ்சிகையில் வாதிட்டது. புதிர் அவிழ்ந்ததெனத் தலைப்பிடும் ஆசை பத்திரிகையாளராகிய எமக்கும் எழுந்தது. அது அவசரமான தலைப்பாகவே இருந்திருக்கும்.

காரணம், இங்கு இருண்ட பொருளும் சம்பந்தப்பட்டுள்ளது. அதன் துணிக்கைகள் ஒன்றையொன்று அழித்துக் காமாக் கதிர்களை வெளியிடக்கூடும் என்பது ஒரு கருதுகோள். விளக்கமற்ற மிச்சமெல்லாம் அதற்கே உரியதெனக் கூறிவிட முடியாது. பிளேசார்களின் கணக்கும் கலக்சிகளின் கணக்கும் திருத்தமடையும்தோறும் இருண்ட பொருளுக்கு ஒதுக்கக்கூடிய பங்கின் உச்சவரம்பு குறுகிச் செல்கின்றது. இதுவரை கிடைத்த உறுதியான பயன் அதுவேயாகும்.

சில இலட்சம் முதல் சில கோடி இலத்திரன் வோல்ற்று வரையான தாழ்சக்திக் கதிர்களின் நிலை இன்னும் மோசமானது. 2000 ஆம் ஆண்டு ஜூனில் கொம்டன் ஆய்வுக்கூடம் கடலில் வீழ்த்தப்பட்ட பின்னர் இப்பகுதி போதியளவு ஆராயப்படவில்லை. இதன் ஒரு பகுதியை அளவிடுவதற்கென நாஸா திட்டமிட்டுள்ள 'கோசி' தொலைநோக்கி 2027 இல் ஏவப்படவுள்ளது.